மிரான் ஏன் படியேறினாள்?

காலை 7.20. தென்கொரியாவின் இன்சியோன் நகரத்து அடுக்ககம் ஒன்றில், பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டில் ஓக் மிரான் இறந்து கிடந்தாள். பக்கத்தில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். துப்பறிவாளர் பியோ இன்சுக்குக்கு அது போதவில்லை. நெஞ்சுவலிக்காரி பதினாலாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்கு ஏன் நடந்தே ஏறினாள்?

பதில் அடுக்ககத்தின் இணைய மன்றத்தில் இருந்தது. 'பூனைகளுக்கு விஷம் வைப்பது 1402-ம் வீட்டுப் பொம்பளைதான்.' பெயரில்லாத பதிவு. கீழே ஊரே காறித் துப்பியிருந்தது. அவள் ஏறினால் மற்றவர்கள் லிஃப்டைவிட்டு இறங்கிவிடுவார்களாம். விஷம் வைத்தவன் வேறொருவன். போன வாரமே பிடிபட்டுவிட்டான். பதிவு மட்டும் அப்படியே இருந்தது.

மன்றத்தை நடத்தும் குக் சாங்தே கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதினது யாரு சார்?"

"சொல்ல மாட்டேன் மேடம்."

"ஒரு உயிர் போயிருக்கு."

"தெரியும், ரெண்டு நாளா தூக்கமே இல்ல. ஆனா புருஷன் அடிக்கிறான்னு இதே மன்றத்துல ஒரு பொண்ணு எழுதியிருக்கா. அந்தப் புருஷனும் இங்கதான் இருக்கான். இன்னிக்கு ஒரு பேரைச் சொன்னா, நாளைக்கு எவ வாயைத் திறப்பா?"

"எழுதினவங்ககிட்ட பேசணும்னா?"

"பதிவுக்குக் கீழேயிருந்து தனிக்குறிப்பு அனுப்பலாம். எழுதினவங்களுக்கு மட்டும் போகும். யாருக்குப் போச்சுன்னு அனுப்பினவங்களுக்குத் தெரியாது. அனுப்பினவங்க பக்கம் அதோட நகலும் தங்காது."

இன்சுக் எழுந்தாள். மிரானின் தங்கையிடம் போய், இறந்தவளின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் காலை 8.00. குக் கூட வர, மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். மிரான் இறந்ததிலிருந்து ஆளில்லாமலே படிக்கட்டில் விளக்கு எரிகிறது என்று பேச்சு. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒன்பதாம் மாடியில் காலடியில் ஏதோ நொறுங்கியது. ஒரு வீட்டு வாசலிலும் ஜன்னல் விளிம்பிலும் சிவப்புக் காராமணி.

கதவைத் திறந்தவள் தோ கியோங்ஹி. பிணத்தருகே எல்லோரையும்விட அதிகமாக அழுதவள்.

"என்னக்கா இது?"

"கஞ்சிக்கு வாங்கினேன். பை கிழிஞ்சுடுச்சு."

"கிழிஞ்ச பை ஜன்னல் விளிம்புல வரிசையா கொட்டுமா?"

கியோங்ஹிக்குக் கோபம் வந்தது. "பேய் இதைத் தாண்டாதுன்னு போட்டேன். கட்டடமே பயந்து கிடக்கு, என்னை மட்டும் கேக்குறீங்க!"

"மத்த வாசல்ல ஒரு மணிகூட இல்லையே. நேத்து மிரான் கணக்குலேர்ந்து ஒரு குறிப்பு போச்சு. 'இன்னிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்'னு. அனுப்பினது நான்தான். அந்தப் பதிவை எழுதினவங்களைத் தவிர வேற யாருக்கும் அது வந்திருக்காது."

கியோங்ஹி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவ பூனைக்குச் சோறு வைக்கிறதைப் பாத்தேன். விஷம்னு நினைச்சுட்டேன் மேடம்."

"இல்லைன்னு போன வாரமே தெரியுமே. பதிவை ஏன் எடுக்கல?"

"எடுத்தா நான்தான்னு தெரிஞ்சுடுமோன்னு..."

"எப்படிங்க தெரியும்?" குக் குறுக்கிட்டார். "உங்க பேரு வெளிய போகாம நான்தான் காவல் இருந்தேனே."

இன்சுக் கியோங்ஹியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். தான் அனுப்பிய குறிப்புக்கு மேலே இன்னொன்று இருந்தது. அதுவும் மிரானுடையது. அவள் இறப்பதற்கு முந்தின நாள் அனுப்பியது.

'நீங்க யாருன்னு நான் கேக்கல. சொல்லவும் வேணாம். அதை மட்டும் எடுத்துடுங்க. படி ஏற முடியல.'

அதன் கீழே, அன்றைக்கே படித்துவிட்டதற்கான அடையாளம் இருந்தது.