குசினி பல்ப் மங்கிய நேரம்

வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.40.

கோயிலுக்குக் கட்டிய சேலையை மடித்து வைக்க அலுமாரியைத் திறந்த கமலாசனி, நடுத்தட்டில் கட்டுக் கட்டாகக் கிடந்த கடதாசிகளுக்குள் கையை விட்டார். நீலக் கோப்பு இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய காணி உறுதிப் பத்திரம் இல்லை.

கண்டாவளையில் உறுதி என்பது வெறும் கடதாசி அல்ல. போரில் இடம்பெயர்ந்து அலைந்த காலமெல்லாம் கமலாசனி அதைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு திரிந்தவர். நகைகள் போயின, கணவர் போனார், உறுதி போகவில்லை. அது இப்போது, ஊர் அமைதியாகக் கிடக்கும் ஒரு வெள்ளிக்கிழமையில் போயிருந்தது.

வீட்டில் அப்போது இருந்தவர் வீரம்மா ஒருவர்தான். ஒன்பது வருடமாகக் காலையில் வந்து மாலையில் போகிறவர். சமையல் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் இருவரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். கமலாசனியோடு கதைப்பதற்கு அந்த ஒழுங்கைத் தெருவில் வேறு ஆள் இல்லை.

"வீரம்மா, நீ எடுத்தனியே?"

வீரம்மா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, சமையல் செய்யும் குசினியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது நாளுக்கு முன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகன் கிருசாந்தன் பன்னிரண்டு மணிக்கு வந்து விசயத்தைக் கேட்டான். உடனே தாயை ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனான். முறைப்பாட்டை அவன் சொல்லச் சொல்ல எழுதினார்கள். சந்தேகப்படும் ஆள் என்ற இடத்தில் வீரம்மாவின் பெயர் விழுந்தது. கமலாசனி கையெழுத்து வைத்தார்.

பிற்பகல் 2.30.

விசாரிக்க வந்தவள் சார்ஜன்ட் சுகந்தினி. அதிகம் பேசமாட்டாள், மற்றவர்கள் பேசி முடித்த பிறகும் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவள்போல் நிற்பாள். அந்த மௌனம் தாங்காமலே பலர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் வந்தபோது வீரம்மா கிணற்றில் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். மோட்டர் பழுதாகித் திருத்தக் கொடுத்து மூன்று நாளாம். பொலிசில் பேர் கொடுக்கப்பட்ட பிறகும் அந்த வீட்டுக்குத் தண்ணீர் அள்ளும் பெண்ணைச் சுகந்தினி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அலுமாரி இருந்தது ஏசி அறையில். வீட்டிலேயே நல்ல அறை. மகனுக்கென்று கட்டியது, அவன் இல்லாத காலத்தில் பூட்டியே கிடப்பது. அறைக்கு இரண்டு கதவுகள், ஒன்று பக்கவாட்டில் வெளியே திறப்பது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. அலுமாரியைத் திறக்கும் திறப்பு கமலாசனியின் கணவரின் படத்துக்குப் பின்னால் தொங்குவது எல்லோருக்கும் தெரியும்.

கிருசாந்தன் காலை ஒன்பதரைக்கே மோட்டார்சைக்கிளில் பரந்தனுக்குப் போய்விட்டதாகவும், பன்னிரண்டுக்குத்தான் திரும்பியதாகவும் சொன்னான். சொல்லும்போதே வியர்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஏசி ரிமோட்டை எடுத்தான். அது ஏன் பைக்குள் என்று சுகந்தினி கேட்டாள்.

"அம்மாவாலதான், மிஸ். நான் நித்திரையாக, பிள்ளைக்குக் குளிரும் எண்டு வந்து நிப்பாட்டிப்போடுவா. அதால எங்க போனாலும் இதைக் கொண்டுதான் போறனான்."

கமலாசனி வெட்கப்பட்டுச் சிரித்தார். அன்றைக்கு அந்த வீட்டில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கிருசாந்தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மூன்று மணிக்குச் சுகந்தினி குசினியில் வீரம்மாவை விசாரித்தாள். புகை படிந்த இருட்டுக் குசினி. பகலிலும் பழைய மஞ்சள் பல்ப் எரிந்தது. பக்கத்தில் கமலாசனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையில யார் யார் வந்தது?"

"அம்மா ஒம்பதே முக்காலுக்குக் கோயிலுக்குப் போனாங்க. பதினொரு மணிக்கு விஜிதரன் தம்பி வந்துச்சு. சைக்கிள விட்டு எறங்கல. அம்மா இல்லேன்னதும் போயிருச்சு."

விஜிதரன் கமலாசனியின் மருமகன் முறையானவர், பக்கத்துக் காணிக்காரர். எல்லை வேலிக்காக நாலு வருடமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அப்படிப்பட்டவர் ஏன் வந்தார் என்று சுகந்தினி குறித்துக்கொண்டாள். பிறகு விசாரித்ததில், கோயில் திருவிழா உபயத்துக்குப் பெயர் கேட்க வந்தவர் என்று தெரிந்தது.

"நீங்கள் அந்த நேரம் முழுக்க என்ன செய்தனீங்கள்?"

"தம்பிக்கும் சேத்து நெறையச் சமைச்சேன் மிஸ். ரேடியோவுல மரண அறிவித்தல் ஆரம்பிக்கையில லைட்டு மங்கிருச்சு. கரண்டு போகப் போகுதுன்னு பயந்து தேங்காய அவசர அவசரமா மிக்ஸியில அடிச்சேன். ஆனா கரண்டு போகல."

அப்போது தலைக்கு மேலே பல்ப் ஒருமுறை மங்கி, மறுபடி பிரகாசமானது. கமலாசனி நிமிரவில்லை. வீரம்மாவும் நிமிரவில்லை. ஒன்பது நாளாக அப்படித்தான்; கரண்ட் தடுமாறுகிறது என்றே நினைத்திருந்தார்கள், கண் பழகிவிட்டது. சுகந்தினி மட்டும் பல்பைப் பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த ஏசி அறைக் கதவைப் பார்த்தாள்.

3.40.

எல்லோரையும் குசினிக்குக் கூப்பிட்டாள். கிருசாந்தனிடம் ஏசியை நிறுத்தச் சொன்னாள். மிக்ஸியை ஓட்டினாள், இஸ்திரிப் பெட்டியைப் போட்டாள், பிரிட்ஜை நிறுத்தித் திரும்பப் போட்டாள். பல்ப் அசையவில்லை. சில நிமிடம் விட்டு, ஏசியைப் போடும்படி சொன்னாள். பல்ப் மங்கி எழுந்தது.

"மரண அறிவித்தல் பத்தரைக்குத் தொடங்கும். என்ர அம்மா ஒருநாளும் தவறவிடமாட்டா," என்றாள் சுகந்தினி. "பத்தரைக்கு இந்த பல்ப் மங்கினது. மோட்டர் வீட்டில இல்லை. அப்ப அந்த நேரம் ஆரோ ஏசி போட்டிருக்கினம். ஏசி போட ரிமோட் வேணும். ரிமோட் உங்கட பைக்குள்ள."

கிருசாந்தனின் கை இடுப்புப் பைக்குப் போனது.

"மோட்டார்சைக்கிளை எங்கயோ விட்டிட்டுப் பக்கக் கதவால வந்திருக்கிறீங்கள். ஆரும் காணக்கூடாதெண்டு ஜன்னலைத் திறக்கேல்லை. கட்டுக் கட்டாக் கிடக்கிற கடதாசியில உறுதியைத் தேடி எடுக்க நேரம் வேணும், அறை வெக்கை. யோசிக்காமலே ஏசியைப் போட்டிட்டீங்கள். இந்த ஊரில களவெடுக்க வாறவன் ஏசி போட்டுக்கொண்டு தேடமாட்டான். விருந்தாளிக்குத்தான் இஞ்ச ஏசி."

விருந்தாளி என்ற சொல் கமலாசனியைத்தான் அதிகம் சுட்டது. பெற்ற பிள்ளையை அவர் அப்படி நினைத்ததில்லை.

கிருசாந்தன் சூட்கேசின் அடித்துணிக்குள்ளிருந்து உறுதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். விற்பதற்கு எடுக்கவில்லை என்றான். மூன்று தடவை கனடாவுக்குக் கூப்பிட்டும் அம்மா வரவில்லை. காணி போய்விட்டது என்று நினைத்தால் வருவா என்று நினைத்தானாம். அங்கே அவனும் தனியத்தான் இருக்கிறான் என்பதை முதல்முறையாகச் சொன்னான்.

"அப்ப வீரம்மான்ர பேரை ஏன் எழுதுவிச்சனீங்கள்?" சுகந்தினி கேட்டாள். "உறுதி இல்லாட்டியும் உங்கட அம்மா இஞ்ச இருந்திருப்பா. வீரம்மா இல்லாட்டித்தான் இருக்கமாட்டா. அது உங்களுக்குத் தெரியும்."

அவன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

4.15.

சுகந்தினி ஒரு வழி சொன்னாள். வைத்த இடம் மறந்துவிட்டது, தேடியபோது கிடைத்தது என்று எழுதினால் எல்லாம் முடிந்துவிடும். யாருக்கும் வில்லங்கம் இல்லை. கிருசாந்தன் தலையை நிமிர்த்தினான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பயணம்.

கமலாசனி கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்பிடி எழுதினால், வேலைக்காரி பயத்தில திருப்பி வைச்சிட்டாள், கிழவி மூடி மறைக்குது எண்டு ஊர் கதைக்கும். அவான்ர பேர் உங்கட புத்தகத்தில கிடக்கு, பிள்ளை. நான்தான் கையெழுத்து வைச்சனான். எடுத்தது என்ர மகன் எண்டு எழுதுங்கோ."

"அம்மா," என்றான் கிருசாந்தன்.

"எழுதுங்கோ."

சுகந்தினி எழுதினாள். கமலாசனி கையெழுத்து வைத்தார். பெயர் முழுதாக விழுந்தது. கிருசாந்தன் அறைக்குள் போனான். கமலாசனி அழுதார், கண்ணீரைத் துடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு வீரம்மா வழக்கம்போலக் குசினியைக் கூட்டி, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தார். கமலாசனி வாசல் கேற்றடி வரை கூடவே போனார்.

"நாளைக்கு வருவியே, வீரம்மா?"

வீரம்மா சைக்கிளைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் கமலாசனி தாங்கியிருப்பார்.

"தம்பி எழுதுனது எனக்குப் பெருசாத் தெரியலம்மா. நீங்க என்னயப் பாத்து எடுத்தியான்னு கேட்டுட்டீங்களே."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கமாக நடந்தார். கமலாசனி அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.