அளவு மாறிய சட்டை

சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியிருக்கவே கூடாது.

எதிர்வீட்டுக்காரியின் துணியை வெட்டும்போது, தையல்காரி சன்னல் வழியே அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பிலேயே கை தன்பாட்டுக்குத் தையல்காரியின் சொந்த உடம்பளவுக்கே வெட்டித் தள்ளிவிட்டது. அவளோ ஒல்லிக்குச்சி, தையல்காரிக்கு அகலத் தோள். வேறு துணிக்கு எங்கே போவது? வருவது வரட்டும் என்று தைத்துக் கொடுத்தாள்.

போட்டுப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்படியே உடம்போட ஒட்டிக்குதுக்கா."

தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாக வெட்டினாலும் இவளுக்கு மட்டும் சரியாகவா வரும்? தனிக்கட்டை. நினைத்தபோது சாப்பிடுகிறாள், நினைத்தபோது காலை நீட்டிப் படுக்கிறாள், ஏன் எதற்கு என்று கேட்க ஆளில்லை. இங்கே கணவன் தட்டைப் பார்த்துப் பேசுவான், மகள் செல்போனைப் பார்த்துப் பேசுவாள். தன் முகத்தை நிமிர்ந்து பார்க்க நாதியில்லை. அந்த வாழ்க்கை தனக்கு வாய்க்கக் கூடாதா என்று பொருமியபடி, விளக்கை அணைத்துவிட்டு அந்த வீட்டையே வேடிக்கை பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அன்றும் பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்தாள். மெஷின் எண்ணெய் வாசனையும், இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆறாத துணி வாசனையும், சந்தில் எங்கோ குழாய் சொட்டுகிற சத்தமும் அறையை நிறைத்திருக்க, எதிர்ச் சன்னலில் வெளிச்சம் வந்தது. அதே சட்டையோடு அவள் நின்றாள். தோள் நிறைந்திருந்தது. இடுப்பு பருத்திருந்தது. நாளெல்லாம் பெடல் மிதித்து மரத்துப்போனவளைப் போல வலது காலை உதறிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் தையல் மெஷினே கிடையாது.

தையல்காரி எழுந்தாள். தான் போட்டிருந்த சட்டை தோளிலிருந்து நழுவியது. இழுத்துவிட்டாள். மறுபடி நழுவியது. இஞ்சு டேப்பைத் தோளில் வைத்துப் பார்த்தாள். அது எதிர்வீட்டுக்காரியின் அளவு.

சந்தில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. சத்தம் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போனது.

அங்கே கதவு திறந்தது. உள்ளே கணவன் ஏற்கெனவே தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

தையல்காரி மகளைக் கூப்பிட்டாள். குரல் மெலிந்து, வேறு யாருடையதோ போல வந்தது. மகள் சன்னலருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, எதிர்வீட்டு ஆன்ட்டி இருட்டுல நின்னு நம்மளையே பாத்துட்டு இருக்காங்க."

"பாவம், தனியா இருக்கிறவங்க. நீ வாடா கண்ணு."

மகள் செல்போனைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை வாங்கிக்கொண்ட முகம் சன்னல் பக்கம் திரும்பியது. தையல்காரியின் முகம்.

அது திரைச்சீலையை இழுத்து மூடியது.