தவறாகக் கேட்ட ஊர்

"என்ட குசினியில பேசுறது தோஹாவரைக்கும் போகுது, சேர்," என்றாள் நுஸ்ஹா.

தன் கட்டுகஸ்தோட்டை மாடியறையில் கிளறன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்த்தவர். ஓய்வுபெற்றபின் பிறரது சிக்கல்களை அவிழ்த்து வருகிறார். உதவியாளர் அனற் குறிப்பெடுத்தாள்.

நுஸ்ஹா வத்தேகமயில் ஆசிரியை. தோஹாவில் வேலை செய்யும் கணவன் அஹ்னாபை விட்டுப் பிரிய முடிவெடுத்திருந்தாள். தங்கை கைரியாவுக்கு மட்டும் அது தெரியும். போன கிழமை குசினியில் சமைத்தபடி, கலஹா ஊரில் தனியாகக் குடியிருக்க வாடகைக்கு வந்த ஒரு வீட்டைப் பற்றித் தங்கையிடம் ஃபோனில், "ஞாயிற்றுக்கிழமை கலஹா வீடு பாக்கப் போறன்" என்றாள். அன்று மாலையே அஹ்னாபின் செய்தி வந்தது: "ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாம யார்ட கலியாண வீட்டுக்குப் போற?"

"அப்ப பக்கத்தில யார் இருந்தது, மிஸ்?" அனற் கேட்டாள்.

"வேலைக்கு நின்ற அனுஷியா மட்டும்தான். அண்டைக்கே அனுப்பிட்டன். அவளை வீட்டுக்கு எடுக்க வேணாமெண்டு அக்கம்பக்கத்துக்கும் சொல்லிட்டன்."

"அப்ப அவதான், சேர்," என்றாள் அனற்.

"அனுஷியா எந்த ஊர், டீச்சர்?" என்றார் கிளறன்ஸ்.

"கலஹா தேயிலைத் தோட்டம்."

"உங்கட குசினியைப் பாக்கணும்," என்று கிளறன்ஸ் எழுந்தார்.

குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், பேசினால் பதில் சொல்லும் கறுப்பு ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அஹ்னாப் அனுப்பியது. தொழுகை நேரம் கேட்க நுஸ்ஹா வைத்திருந்தாள். கிளறன்ஸ் எல்லார் ஃபோனையும் வெளியே வைக்கச் சொன்னார். பிறகு அவர் எழுதிக் கொடுத்ததை நுஸ்ஹா உரக்க வாசித்தாள்: "புதன்கிழமை நாவலப்பிட்டிக்குப் போறன்."

ஒரு மணித்தியாலத்தில், வெளியே இருந்த அவளது ஃபோனில் அஹ்னாபின் செய்தி வந்தது: "நாவலப்பிட்டியில உனக்கு யார்?"

நுஸ்ஹா ஃபோனைக் கிளறன்ஸிடம் நீட்டினாள்.

"ஸ்பீக்கர் அவர்ட கணக்கிலதானே ஓடுது?" என்றார் கிளறன்ஸ். "எப்பவும் கேக்கிற மாதிரி வச்சு அனுப்பியிருக்கிறார். இங்க பேசுறதைக் கேட்டு, அது எழுத்தாக்கி அவருக்குக் காட்டுது."

"முதலிலயே எப்படித் தெரிஞ்சது, சேர்?" என்றாள் அனற்.

"கலஹாவைக் கலியாணமெண்டு அது எழுதியிருக்கு. அனுஷியா சொல்லியிருந்தா அந்தப் பிழை வராது. சொந்த ஊர்ப் பேர் யாருக்கும் பிழையாக் கேக்காது."

நுஸ்ஹா அஹ்னாபை அழைத்தாள். "உன்ட பாதுகாப்புக்குத்தான் வச்சன்," என்றான் அவன், கொஞ்சமும் தடுமாறாமல். அவள் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள்.

மறுநாள் அவர்கள் கலஹாவுக்குப் போனார்கள். அனுஷியா தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நுஸ்ஹா எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் இதச் சொல்லிட்டீங்களா, டீச்சர்?"

"இன்னும் சொல்லல்ல," என்றாள் நுஸ்ஹா.

"அன்னைக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் அனுஷியா. கோபம் தெரியாத குரல். "நான் வரல. நீங்க போங்க."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.