கண் மூடாத லேயர்

அவர் போன பிறகு அன்றுதான் முதல் தடவையாக ஸ்டூடியோவுக்குப் போனேன். காலை வெயில் மாடிப்படி வரை என்னோடு வந்து, கதவருகே நின்றுவிட்டது. உள்ளே எப்போதும் போல இருட்டு. திரையில் நிறம் பிசகாமல் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி மாட்டியது என் கணவர்தான். ஏசியின் ஈர வாடை. சூடேறிய ஒயரின் வாடை. இரண்டுக்கும் அடியில், மெல்லியதாக, அவருடைய இன்ஹேலரின் வாடை.

எடிட்டர் எனக்கு முன்பே வந்திருந்தான். அவனுக்குத் தாடி என்று பெயர். தாடியை எடுத்துப் பல வருஷமாகிறது. பெயர் மட்டும் முகத்திலேயே தங்கிவிட்டது.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"ம்."

"பொய் சொல்றப்பகூட ஒரு முழு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சிரிக்கத் தெம்பில்லை. அவருடைய நாற்காலியை ஒதுக்கிவிட்டு என்னுடையதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அன்று அனுப்ப வேண்டியது ஒரு படத்தின் டைட்டில். நீண்ட நடைபாதை, கடைசியில் ஒரு கதவு. கதவு திறக்கும்போது தூசி பறந்து எழுத்துகளாகச் சேரும். அவர் முடித்துவைத்துவிட்டுப் போன கடைசி வேலை. ஓட்டிப் பார்த்து அனுப்புவதுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு கம்பெனியை வைத்து முதலிலிருந்து செய்துகொள்வதாக டைரக்டர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் அவர் போட்ட ஒரு கோடுகூட மிஞ்சாது.

ஆனால் அனுப்புமுன் ஓட்டிப் பார்க்கும் பிரிவியூ ஓட மறுத்தது. காட்சிகள் வரிசையாக நிற்கும் டைம்லைன் மேல், மெஷின் வரைந்து முடித்ததைக் காட்டும் பச்சைக்கோடு சரசரவென்று வந்து, கதவு திறக்கும் இடத்தில் நின்றது. பிறகு ஊர்ந்தது. மறுபடி நின்றது.

"மூச்சு வாங்குது" என்றான் தாடி. சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அது அவருடைய வார்த்தை. மெஷின் திணறும்போதெல்லாம், "என்னை மாதிரிதான், மூச்சு வாங்குது. விரட்டாதே" என்பார். ஆஸ்துமாக்காரர் சொல்லும்போது அது நகைச்சுவையாக இருந்தது. என் பின்னால் வந்து, நாற்காலி முதுகில் கையூன்றி என் திரையைப் பார்ப்பார். நாற்காலி லேசாகப் பின்னுக்குச் சாயும். அவர் நிற்பதை அப்படித்தான் நான் தெரிந்துகொள்வேன்.

பிரிவியூ தரத்தைப் பாதியாக்கினோம். கால்வாசியாக்கினோம். மெஷின் பழைய ஓட்டங்களைச் சேர்த்துவைத்திருக்கும் கேஷ் முழுவதையும் அழித்தோம். தூசியையும் நிழலையும் நிறுத்தினோம். அதே கதவு, அதே திணறல்.

"ஒவ்வொரு லேயரா கண்ணை..." தாடி பாதியில் விட்டான். "ஆஃப் பண்ணிப் பார்ப்போம் அண்ணி."

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத் துண்டுகள்தான் லேயர்கள்; ஒவ்வொரு லேயருக்கும் இடது ஓரத்தில் சின்னக் கண் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் லேயர் மறைந்துவிடும். எங்கள் ஸ்டூடியோவில் அதற்குக் கண்ணை மூடுவது என்றே பெயர். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "எப்ப கண்ணை மூடினார்?" என்று கேட்டார்கள். உண்மையில் அவர் மூடவில்லை. "நீங்களே மூடிவிடுறீங்களா?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். என்னால் முடியவில்லை. அவள்தான் மூடினாள்.

எழுத்தின் கண்ணை மூடினேன். கதவின் கண்ணை. சுவரின் கண்ணை. திரை முழுக்கக் கறுப்பானது.

ஓட்டினேன். பச்சைக்கோடு ஊர்ந்தது.

"வெறும் கறுப்பு அண்ணி. இதுல வரைய என்ன இருக்கு?"

எதையோ வரைந்துகொண்டிருந்தது.

அடியில் இன்னொரு லேயர் இருந்தது. பெயர் இல்லை. பெயர் வைக்காமல் அவர் எதையும் விடமாட்டார். அதன் கண் திறந்திருந்தது.

தாடி மூடினான்.

திறந்தது.

"மவுஸ் மக்கர் பண்ணுது" என்றான். அவன் குரல் அதை நம்பவில்லை.

ஃபைலைத் தொடாமல், பார்வைக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. அதை மேலே தள்ளினேன். கறுப்பு சாம்பலாகி, சாம்பலுக்குள் இரண்டு நாற்காலிகளின் முதுகு தெரிந்தது. என்னுடையது காலி. மற்றொன்றில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மறுபடி ஓட்டினேன். தலை கொஞ்சம் திரும்பியிருந்தது.

மறுபடி.

காது தெரிந்தது. கன்னம் தெரிந்தது.

"வேண்டாம் அண்ணி" என்று முணுமுணுத்தான் தாடி. "நிறுத்துங்க."

எனக்குப் பயம் வரவில்லை. பயப்படவும் கொஞ்சம் பலம் வேண்டும். திரைக்கு அருகே குனிந்து சொன்னேன்: "போதும்ங்க. எல்லாம் முடிஞ்சிடுச்சு. நான் அனுப்பிடறேன். கண்ணை மூடிக்கோங்க."

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

கண் மூடியது. தானாக.

மற்ற கண்களைத் திறந்து ஓட்டினேன். நடைபாதை, கதவு, தூசி, எழுத்து, அவர் பெயர். ஓரிடத்திலும் திணறவில்லை. சாயங்காலத்துக்கு முன்பே அனுப்பிவிட்டோம். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, தாடி என் முன்னால் முதல் தடவையாக அழுதான்.

அதன் பிறகு வீட்டிலேயே வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் தாடி போன் செய்தான். படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டார்களாம், அந்த ஃபைலைத் திறந்திருக்கிறான்.

"அண்ணி... மறுபடியும் மூச்சு வாங்குது."

"அந்தக் கண்ணு?"

"திறந்திருக்கு."

"வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தியா?"



"பார்த்தேன். அண்ணன் நாற்காலி காலியா இருக்கு. இன்னொண்ணுலதான் யாரோ உட்கார்ந்திருக்காங்க, காதுல போனோட. அண்ணி, நீங்க இப்ப மஞ்சள் ஸ்வெட்டரா போட்டிருக்கீங்க?"

நான் குனிந்து பார்க்கவில்லை. காலையில் எதை எடுத்துப் போட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணி? பின்னாடி திரும்பாதீங்க."

என் நாற்காலி லேசாகப் பின்னுக்குச் சாய்ந்தது.