அக்கா கொடுத்தது

காலையிலிருந்து அளவுக் குவளை காய்ந்தே கிடந்தது.

குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் அந்தக் குவளையில் சிறுநீரை அளந்து பார்ப்பது அவனுடைய நான்கு வருடப் பழக்கம். குழாயைத் திறந்துவிட்டு, ஈரச் சுவரின் பாசி வாடை மூக்கில் ஏற, தண்ணீர் விழும் சத்தத்துக்காவது வருமா என்று கால் கடுக்க நின்றான். ஒரு சொட்டு இல்லை. ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை என்று மனைவியிடம் பட்டும் படாமலும் சொன்னான்.

"தண்ணி நிறையக் குடிங்க. எல்லாம் சரியாயிடும்" என்றாள் அவள், துணியை மடித்தபடியே.

போன வருடம் அவன் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தைகள், ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அவனுக்குள் இருப்பது அக்காவின் சிறுநீரகம். அவனுடைய இரண்டும் முதுகுப் பக்கம் சுருங்கிச் செத்துக் கிடக்க, அவள் கொடுத்ததை முன்பக்கம், வலது அடிவயிற்றில் வைத்துத் தைத்திருந்தார்கள். தடவினால் கையில் அகப்படும். தழும்பைக் குடலிறக்க ஆபரேஷன் என்று புளுகித்தான் பெண் கேட்டான் அந்த மகராசன். பெண் வீட்டார் வந்து தங்கிய மூன்று நாளில்தான், அக்காவுக்கு மிச்சமிருந்த ஒற்றைச் சிறுநீரகத்தின் குழாயைக் கல் அடைத்தது.

"ரெண்டு நாளா ஒரு சொட்டு போகலடா தம்பி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

போனால் டாக்டரின் முதல் கேள்வி, இன்னொரு கிட்னி எங்கே என்பதுதான். குட்டு உடைந்துவிடும். ஒரு குடம் தண்ணீரை உள்ளே வைத்து, அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, பின்கட்டு அறையை வெளியே தாழிட்டான். சிறு வயதில் அவன் அறைந்து சாத்திய கதவில் சுண்டுவிரல் நுனியை இழந்த அக்காவின் கை, சுவரைத் தட்டியது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு. பக்கத்து வீட்டில் மராமத்து வேலை என்று விருந்தாளிகளிடம் சிரித்தான். மூன்றாம் நாள் சத்தம் அடங்கியது. அக்கா இறந்தது மாரடைப்பால் என்று எல்லாரும் நம்பினார்கள்.

மதியத்துக்குள் பாதங்கள் வீங்கின. அடிவயிறு கல்லாக இறுகியது. யாரிடமும் சொல்லாமல் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போனான்.

ஏசி குளிரும் ஸ்பிரிட் வாடையும் நிறைந்த இருட்டறை. ஸ்கேன் எடுக்கும் பெண் சில்லென்ற பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"வழி அடைபட்டு உள்ள தேங்கி நிக்குது சார். அதான் கிளையெல்லாம் வீங்கியிருக்கு. குழாய எதுவோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

கல்லா என்று கேட்டான். கல் எதுவும் தெரியவில்லை என்றாள்.

சாம்பல் நிறச் சிறுநீரகத்துக்குள் கறுப்பாகக் கிளைகள் விரிந்திருந்தன. கீழே மணிக்கட்டுப் போலக் குழாய். எண்ணினான். நான்கு நீளம். ஐந்தாவது நுனியில்லாத குட்டை.

ரத்த ஓட்டத்தைக் கேட்க அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் வந்த துடிப்போ நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்தது. அவள் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இது உங்க துடிப்பு இல்லையே சார்." அவள் குரல் இறங்கியிருந்தது. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றான். "அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது."

திரையில் கிளைகள் அசைந்தன.

மடங்கின. ஒவ்வொன்றாக. குட்டை கடைசியாக.

அவன் அலற வாயைத் திறந்தான். வலி மூச்சை அடைத்தது. அந்தப் பெண் கருவியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள். வயிற்றின் மேல் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் திரையிலிருந்து படம் மறையவில்லை.

இறுகிய முஷ்டி.

தழும்புக்கு அடியில் தோல் உள்ளிருந்து புடைத்தது.

மூன்று தட்டு.

நிறுத்தம்.

மூன்று தட்டு.