பதிலுக்குப் போதாத வேகம்

அன்று பிற்பகல் அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்காரரான பெரியவர், நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தலைநிமிர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகள், வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகக் கணக்குப் பாடம் நடத்துபவள். புது இணைய நிறுவனத்திலிருந்து வேகம் பார்த்துச் சொல்ல வந்த லைன்காரர். பெரியவரின் ஒரே மகன் கப்பலில் மின்வேலை பார்த்தவன். அவன் கடலோடு போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

மழை வருவதற்கு முன்பே கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோயிருந்தது. மேல்மாடியில், மகனின் அறைக் கதவு மட்டும் அவ்வப்போது லேசாக அசைந்து சத்தமிட்டது.

மருமகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். "பாடம் நடத்தும்போது பாதியில நான் சிலையா நின்னுடறேனாம், மாமா. பசங்க சிரிக்கறாங்க. கம்பெனிய மாத்தலைன்னா நான் வேற வீடுதான் பாத்துக்கணும்."

அது பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது. மகன் போன வீட்டிலிருந்து மருமகளும் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அதற்காகத்தான் லைன்காரரை உள்ளே விட்டார்.

"நூறு எம்.பி. வேகம் தர்றேன்னு சொல்லிட்டு ஆறு தர்றான். ஏமாத்துக்காரப் பய," என்றார்.

லைன்காரர் கையிலிருந்த போனில் அளந்தார். "சரிதான் ஐயா. இறங்கறது ஆறு, ஏர்றது அரை. இறங்கறதுன்னா உங்களுக்கு வந்து சேர்றது. ஏர்றதுன்னா இங்கேருந்து நீங்க அனுப்பறது. விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடறது முதல் கணக்கை மட்டும். ரெண்டாவதை எறும்பு படிக்கற மாதிரி மூலையில போடுவாங்க."

"உங்க கம்பெனி?"

"நாங்களும்தான். பொய் சொல்லுவானேன்?"

மருமகள் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தாள்.

"ஆனா லைனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கம்பிய நேரா சொருகிப் பாக்கணும். மோடம் எங்க இருக்கு?"

மருமகள் தரையைப் பார்த்தாள். பெரியவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

மோடம் இரும்பு பீரோவுக்குள், வீட்டுப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கவாட்டில் துளை போட்டுக் கம்பியை அவரே உள்ளே இழுத்திருந்தார்.

"விருந்தாளி வந்து உக்கார்ற கூடத்துல, கண்ணடிச்சுக்கிட்டு ஒரு பெட்டியா? நம்ம வீட்டுக்கு அது லட்சணமா இருக்குமா?"

லைன்காரர் சிரிப்பை விழுங்கினார். "இரும்புக்குள்ள பூட்டி வெச்சா வைஃபை எப்படிய்யா வெளிய வரும்? ஆளைக் கட்டிப் போட்டுட்டு வேலை செய்யலைன்னு திட்டற மாதிரி இருக்கு."

மூவரும் தங்கள் போன்களை அணைத்தார்கள். மருமகளின் மடிக்கணினியை லைன்காரர் கம்பியால் மோடத்தில் இணைத்தார். எண்கள் ஓடி நின்றன.

தொண்ணூற்றாறு.

"லைன் தங்கமா இருக்கு. எப்பவும் நல்லாதான் இருந்திருக்கும்."

பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து மகன் வீடியோ காலில் கூப்பிட்டிருந்தான். "அப்பா, ஒண்ணு கேக்கணும். இந்தக் கப்பல்..." அதோடு படம் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி அவன் நிற்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, "சொல்லுங்கப்பா" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. பெரியவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டுப் பழகாதவர். காதில் விழவில்லை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"சரி, நடத்து," என்று சொல்லிவிட்டார்.

அவன் கப்பலேறினான். நாலாம் நாள் கப்பல் மூழ்கியது. எதற்குச் சரி சொன்னோம் என்பது அவருக்குத் தெரியாது. மருமகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"ஏர்ற கணக்குதான் இடிக்குது," என்றார் லைன்காரர். "உங்க திட்டத்துக்கு மொத்தமே மூணுதான். அந்த மூணையும் யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க. வீடியோ கால் பேசறாங்க போல."

"எல்லாத்தையும் அணைச்சாச்சே," என்றாள் மருமகள்.

லைன்காரர் மோடத்தில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தார். "இந்த மடிக்கணினி ஒண்ணு. அப்புறம் 'நெட்டை'ன்னு ஒரு போன்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவனை அவள் கூப்பிட்ட பெயர் அது. அவன் போனிலும் அவள்தான் விளையாட்டாக அப்படிப் பெயர் வைத்தாள். அந்தப் போன் அவன் சட்டைப்பையோடு கடலுக்குப் போயிற்று.

லைன்காரருக்கு அது தெரியாது. திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனார். "சிக்னல் எழுபது. இந்த எண் குறையக் குறைய ஆள் கிட்ட வர்றதா அர்த்தம். மாடியில இருக்கார் போல."

மேலே கதவு ஒருமுறை அசைந்தது.

"அம்பத்தஞ்சு. படியில இறங்கறார்."

படியில் யாரும் இல்லை.

"நாப்பது..."

உப்புத் தண்ணீரும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை கூடத்தை நிறைத்தது.

"முப்பது." லைன்காரரின் குரல் இறங்கிவிட்டது. "ஐயா, மோடத்தைத் தொட்டுக்கிட்டு நின்னாதான் முப்பது காட்டும். யாரு அது?"



மடிக்கணினி ஒலித்தது.

மருமகள் அழைப்பை எடுத்தாள். திரையில் முகம் தெரியவில்லை. அந்தக் கூடம்தான் தெரிந்தது. பீரோ ஓரமாக நிற்கும் நெட்டையான ஒருவன் கையை உயர்த்திப் படம் பிடிப்பதுபோல, மூன்று பேரின் பின்தலைகள். பெரியவரின் வழுக்கை நடுவில் இருந்தது.

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்," என்றது குரல், இந்த முறை ஒரு எழுத்தும் உடையாமல். "இந்தக் கப்பல் சரியில்லப்பா. அடியில தண்ணி கசியுது. எனக்குப் பயமா இருக்கு. ஒத்துக்கிட்ட வேலைய பாதியில விட்டா நம்ம வீட்டுப் பேரு கெட்டுடும்னு நீங்க வருத்தப்படுவீங்க. அதான் கேக்கறேன். இறங்கி வீட்டுக்கு வந்துடட்டுமா, ஏறட்டுமா? சொல்லுங்கப்பா."

"வந்துடுடா," என்றார் பெரியவர். நாற்பது ஆண்டுகளில் அந்த வீடு கேட்காத குரல் அது. "பேரு போனா போகுது. வந்துடு கண்ணா."

திரையில் படம் அசையவில்லை.

"சொல்லுங்கப்பா," என்றது குரல்.

"ஏறாதடா! வீட்டுக்கு வா!"

"சொல்லுங்கப்பா."

லைன்காரர் எண்களைப் பார்த்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. "உங்க குரல் போகலை ஐயா. ஏர்ற மூணையும் அவரே எடுத்துக்கறார். நீங்க சொல்றது போக இடமே இல்லை."

"அப்பா, ஒண்ணு கேக்கணும்," என்று குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஆறு தடவை கேட்டது. ஆறு தடவையும் பெரியவர் பதில் சொன்னார். பிறகு வாடை குறைந்தது. பட்டியலில் அந்தப் பெயர் மறைந்தது.

லைன்காரர் பையிலிருந்து புது இணைப்புக்கான படிவத்தை எடுத்தார். "எங்ககிட்ட ஏர்ற வேகமும் நூறு கிடைக்கும். ரெண்டு பேர் குரலும் தாராளமா போகும். ஆனா பெட்டியும் புதுசு, லைனும் புதுசு. அந்தப் போனுக்கு இந்தப் பழைய பெட்டிய மட்டும்தான் தெரியும்."

"இந்தக் கம்பெனியிலயே வேகத்தை ஏத்த முடியாதா?" என்று மருமகள் கேட்டாள்.

"இவங்க இதுக்கு மேல தர்றதில்லம்மா."

அவள் பெரியவரைப் பார்த்தாள். மகன் அன்று கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே அது இருந்தது. அவரைத் திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"மாத்த வேணாம்," என்றாள். "அவர் வந்து கதவு தட்டற வீடு இது."

லைன்காரர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியேறினார்.

பெரியவரின் பதில் அன்றைக்கே மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவன் மனம் ஆறிப் போய்விட்டான், அதன் பிறகு அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நேற்றும் வந்து கேட்டான்.