எழுத்துச் சாட்சி

மாதத்தின் முதல் திங்கட்கிழமை பேனாவும் வெள்ளைத் தாளுமாகப் பாளையங்கோட்டை அலுவலகத்தில் உட்காருவேன். உலகப் பேரறிவு ஆணையத்தின் தமிழ்த் தேர்வாளன் நான். எழுபது நாடுகளின் மருத்துவமனைகளும் ரயில்களும் பேரறிவு என்ற இயந்திரத்தின் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு மொழியிலும் இரண்டு நாட்டு மனிதர்கள் அதைக் கேள்வி கேட்டு, அது பொய் சொல்லவில்லை என்று கையெழுத்திட்டால்தான் அடுத்த மாதமும் ஓடும்.

கேள்விகளை நாமே யோசித்துக் கையால் எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் கேமராவில் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். என் சாட்சி, இலங்கைத் தேர்வாளரான வவுனியா தர்மினி. ஒன்பது வருடப் பழக்கம்.

போன மாதம் மதியம் பிரியாணியை ஒரு கட்டு கட்டியதில் கண் சொக்கியது. கேமரா பழுது என்று தர்மினியிடம் புளுகினேன். பயிற்சி வகுப்புக்கு வேண்டும் என்று பேரறிவிடம் புளுகி, முப்பது கேள்விகளை அதனிடமே வாங்கினேன். தூங்கி எழுந்து பார்த்து எழுதினேன். தர்மினி என்னை நம்பிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கேள்விகள் மேல் ஆணையத்துக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் இருவரையும் அழைத்துக் கொழும்பில் விசாரணை வைத்தார்கள். “அந்தக் கேள்விகள் நான் எழுதியவை,” என்று பேரறிவு ஒலிபெருக்கியில் சொன்னது.

தர்மினி எழுந்தாள். “அது பொய் சொல்லுது. நல்லசிவம் அண்ணை அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை. பொய் எண்டு நான் எழுதித் தாறன்.”

தேர்வாளர் அப்படி எழுதிக் கொடுத்தால் எழுபது நாடுகளிலும் அதை அன்றே நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம். அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் இரண்டு வரி முடிக்கும்வரை திறக்கவில்லை. வேலை போகாமல் தப்பிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அந்த இரண்டு வரியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“எழுதாதம்மா,” என்றேன். “அது சொல்றது நெசம்தான். கேமராவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

பேனா நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எழுதிய தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

ஒலிபெருக்கியைப் பார்த்து, “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றாள்.